இரண்டு ஆள் மூச்சு

குழாய்க்குள் விட்ட விரல் எதிலும் இடிக்கவில்லை.

அக்பர் அலி லாரிக்கு அடியில் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்தார். ஐப்பசி ஈரம் சாக்கைத் தாண்டி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. ஆறிப்போன இன்ஜினின் எண்ணெய் வாடையும், காட்டுப் பக்கமிருந்து வந்த மக்கிய இலை வாடையும் கலந்து மூக்கில் நின்றன. அவர் விரலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகடு அங்கே இருந்தாக வேண்டும். இல்லை. தகட்டைத் தாங்கும் தண்டு மட்டும் பாதியில் ஒடிந்து நின்றது. புதிதாக ஒடிந்த இரும்பு பளிச்சென்று இருக்கும். இந்த ஒடிசலில் கரி ஏறி, கரியின் மேல் துருவும் ஏறியிருந்தது. ஒடிந்து பல மாதம் ஆகியிருக்கும்.

முப்பது வருடமாகக் கோவை உக்கடத்தில் பட்டறை வைத்திருப்பவர் அவர். எக்ஸாஸ்ட் பிரேக் என்றால் லாரியின் மூக்கைப் பொத்துகிற வேலை என்று வருகிற டிரைவர்களுக்கெல்லாம் சொல்லுவார். மற்ற பிரேக்கைப் போல அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. காலடியில் இருக்கும் பொத்தானை மிதித்தால் டீசல் நின்றுபோகும்; தகடு திரும்பிப் புகைக்குழாயை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் உள்ளே இழுத்த காற்று வெளியேற வழியில்லாமல் பிஸ்டனை எதிர்த்து முட்டும். இறக்கத்தில் உருளும் சக்கரம் இன்ஜினைச் சுற்றப் பார்க்கும். மூச்சு முட்டிய இன்ஜின் சுற்றமாட்டேன் என்று திமிறும். வண்டி கியரில் இருக்கிற வரைக்கும் அந்தத் திமிறல்தான் பிரேக்.

தகடு இல்லையென்றால் திமிறலும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அடியிலிருந்து வெளியே வந்து எழுந்தார். திம்பம் மலையின் உச்சி அது. சாலையோரம் இரண்டு டீக்கடைகள், வனத்துறையின் ஒரு தடுப்பு மரம், அதற்கப்பால் பண்ணாரி வரைக்கும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும் பாதை. சாம்ராஜ்நகர்ப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றி வந்த இந்த லாரி இரண்டு நாளாக இங்கேயே நிற்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் தகராறு, டிரைவர் இறங்கமாட்டேன் என்கிறான், போய்ப் பார்த்துக் கொடுங்கள் என்று சூலூரிலிருந்து லாரி முதலாளி அரங்கசாமி போன் செய்ததால், விடிகாலை மைசூர் பஸ் பிடித்துப் பையும் கையுமாக அவர் வந்திருந்தார்.

டிரைவர் தேவதாஸ் லாரியின் மேல் சாய்ந்து நின்றான். கருமத்தம்பட்டிக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். போன வருடம் பட்டறைக்கு வந்தபோது நல்ல உடம்போடு இருந்தவன். இப்போது சட்டைக்குள் விலா எலும்பு தெரிந்தது. உதட்டில் மட்டும் ஒரு கருப்பு. பீடிக் கருப்பு அல்ல. அடுப்புக் கரியைத் தொட்டுத் துடைத்த மாதிரி.

"தேவதாசு, இதுல தகடே இல்லியே. எத்தனை மாசமா இப்பிடி ஓட்டறே?"

"மாசியிலிருந்துங்க பாய்."

"மாசியிலிருந்து எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்காமயா இந்த மலையை எறங்குனே?"

அவன் தரையைப் பார்த்தான். "பிடிக்கலைன்னு மொதலாளிகிட்ட நான் சொல்லவே இல்லீங்க. பிடிக்குதுன்னுதானுங்க சொன்னேன்."

அக்பர் அலிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. தூக்கம் கெட்டவன் ஏதோ உளறுகிறான் என்று எடுத்துக்கொண்டார். கிளீனர் எங்கே என்று கேட்டதற்கு, முந்தாநாள் இங்கே வந்ததும் இறங்கிப் பஸ் ஏறிப் போய்விட்டார், சம்பளப் பாக்கியைக்கூடக் கேட்கவில்லை என்றான்.

அவர் பையில் காற்றுக்குழாயும் வாஷரும் இருந்தன. புதுத் தகடும் தண்டும் இல்லை. கோவைக்குப் போய் வாங்கி வர இன்னும் ஒரு நாள் ஆகும். தேவதாசுக்கு அந்த ஒரு நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் மூத்த மகளுக்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்து வைத்துவிட்டு மனைவி கரோலின் காத்திருக்கிறாளாம். இன்று சனி. இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சையே தொடாமல், இன்ஜினின் சொந்தப் பிடியில் மெதுவாக விட்டால் எப்பேர்ப்பட்ட பாரமும் இறங்கும் என்று அக்பர் அலி சொன்னார். அப்படி எத்தனையோ வண்டிகளை அவர் இறக்கியிருக்கிறார். கால் பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டால் போதும்.

"நீங்க கூட உக்காருவீங்களா பாய்?"

அதைக் கேட்டபோது அவன் குரலில் இருந்த பசி அவருக்கு விளங்கவில்லை. உட்காராமல் என்ன, நானும் ஊட்டுக்குப் போக வேண்டாமா என்று சொல்லிவிட்டு, கழற்றிய குழாயைத் திரும்ப மாட்டி முடுக்கினார்.

மணி மூன்றரைக்குப் புறப்பட்டார்கள். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து, மரங்களின் இடுப்புவரை ஏறி, சாலையின் விளிம்பில் சுண்ணாம்பு அடித்த தடுப்புச் சுவர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. லாரிக்குள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இன்ஜின் மூடி சூடேறி, அதன் மேல் கிடந்த பழைய கம்பளி ஈரநாய் வாடை வீசியது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, திரும்பியது. பின்னால் மூன்று கருங்கல் பாளங்கள் சங்கிலிக்குள் முனகின. அக்பர் அலி தன் வழக்கப்படி கண்ணை மூடி இன்ஜினைக் கேட்டார். இரண்டாவது கியரின் உயர்ந்த, சீரான இரைச்சல். இருபத்தேழாவது வளைவு, இருபத்தாறு, இருபத்தைந்து. குறையே இல்லை. தகடு இல்லாவிட்டால் என்ன, இன்ஜினுக்கென்று ஒரு பிடி உண்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

இருபதாவது வளைவில் அந்தச் சத்தம் வந்தது.

புகைக்குழாயை அடைக்கும்போது இன்ஜினின் குரல் ஒரேயடியாகத் தாழ்ந்து, நெஞ்சுக்குள் உறுமுவது போல ஆகும். முப்பது வருடம் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். லாரி அடங்கியது. அவர் உடம்பு முன்னால் சரிந்தது. கண்ணைத் திறந்து முதலில் தேவதாசின் காலடியைப் பார்த்தார். பொத்தான் தனியாக இருந்தது. அவன் கால் அதன் பக்கத்தில்கூட இல்லை.

அடைக்க அங்கே தகடும் இல்லை. அவர் விரல் விட்டுப் பார்த்திருக்கிறார்.

வளைவு முடிந்ததும் உறுமல் விட்டது. எக்ஸாஸ்ட் பிரேக்கை விடும்போது அடியில் புஸ்ஸென்று காற்று பிரியும். அந்தப் புஸ் இப்போதும் கேட்டது. ஆனால் அடியிலிருந்து வரவில்லை. வலப்பக்கமிருந்து, காதுக்கு நேராக வந்தது. தேவதாஸ் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சில் டீசல் புகை வாடை அடித்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னார் அக்பர் அலி. நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இன்னொரு தடவை அடியில் பார்த்துவிடலாம். தேவதாஸ் கால் பிரேக்கை மிதித்தான். லாரி தளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அனுமதித்த பாரத்துக்கு மேல் கல் ஏற்றியிருந்தார்கள். அடுத்த வளைவிலும் மிதித்தான். அதற்கடுத்ததிலும் மிதித்தான். சக்கரங்களிலிருந்து கருகல் வாடை கிளம்பி, பனியோடு சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்தது. ரப்பரும் முடியும் சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு வாடை. பிரேக் சூடேறிவிட்டால் மிதிக்க மிதிக்கப் பிடி குறையும். அது அவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

பதினாறாவது வளைவுக்கு முன்னால் கியர் தானாக நழுவியது.

கம்பி தேவதாசின் கையைத் தட்டிவிட்டு நியூட்ரலில் வந்து நின்றது. இன்ஜின் இரைச்சல் சட்டென்று இறங்கி, யாருடைய வண்டியோ எங்கேயோ சும்மா நிற்பது போல டக்டக்கென்று ஓடியது. சக்கரங்களுக்கும் அதற்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. லாரி உருள ஆரம்பித்தது. தேவதாஸ் கிளட்சை மிதித்துக் கியரை உள்ளே தள்ளினான். பற்சக்கரம் கறகறவென்று கடித்தது. இன்னொரு தடவை தள்ளினான். ஏதோ மாட்டியது, இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி இருமியது, செத்தது. கியர் மறுபடி நழுவியது.

அமைதி. சக்கரம் ஈரத் தார்மேல் ஓடும் சரசரப்பு. காற்று மீட்டரின் முள் இறங்குவது தெரிந்தது. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று நிறையும். இன்னும் நாலு மிதி, ஐந்து மிதி. அதற்குப் பிறகு பெடல் வெறும் இரும்பு.

அப்போது உறுமல் மறுபடியும் எழுந்தது.

தகடு இல்லை. கியர் இல்லை. இன்ஜினே இல்லை. ஆனால் லாரி எதையோ எதிர்த்துத் திமிறியது, கல் பாளங்கள் முன்னால் நகரப் பார்த்துச் சங்கிலியில் முட்டின, வேகம் அடங்கியது. வேறு சத்தம் எதுவும் இல்லாததால் அது எங்கிருந்து வருகிறது என்று இந்த முறை தெளிவாகத் தெரிந்தது. அக்பர் அலி மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

தேவதாஸ் வாயை இறுக்க மூடியிருந்தான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. நெஞ்சு சட்டைப் பொத்தான்களைப் பிய்க்கிற அளவுக்கு விரிந்து, விரிந்த இடத்திலேயே நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் திருப்பி வளைவைக் கடந்தான். கண் பிதுங்கி, அதிலிருந்து தண்ணீர் வழிந்தது. உறுமல் அவன் விலாவுக்குள்ளிருந்து வந்தது.

வளைவு தாண்டியதும் அவன் விட்டான். லாரி பாய்ந்தது.

"பயத்துலதானுங்க மொதல்ல பிடிச்சேன்" என்றான். மூச்சுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னான். மாசியில் ஒரு நாள். இதே மலை. கால் பிரேக் போய்விட்டது. பயத்தில் யாரும் மூச்சைப் பிடிப்பார்கள்தானே, அவனும் பிடித்தான். லாரி அடங்கி நின்றது. கர்த்தர் காப்பாற்றினார் என்று நினைத்தானாம். அடுத்த நடையில் கால் பிரேக் நன்றாக இருந்தும் லாரி அவன் மூச்சைக் கேட்டது. அதற்கடுத்த நடையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. "அதுக்குப் பழகிப்போச்சுங்க பாய். இப்பெல்லாம் நான் மூச்சைக் குடுத்தாத்தான் எறங்குது."

பதிமூன்று. பிடித்தான். விட்டான். பன்னிரண்டு. அவன் மூக்கிலிருந்து கரி கலந்த நீர் ஒழுகி மேலுதட்டில் நின்றது. உறுமல் ஒவ்வொரு தடவையும் மெலிந்தது. லாரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக அடங்கியது.

"கிளீனரைக் கேட்டேன். மாட்டேன்னு ஓடிட்டாருங்க. டீக்கடையில, பஸ் ஸ்டாப்புல, ரெண்டு நாளா கேட்காத ஆளில்லை. யாரும் ஏறலீங்க." அவன் திரும்பிப் பார்த்தான். "ஒரு ஆள் மூச்சு இப்ப பத்தலீங்க பாய்."

அக்பர் அலிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் மெக்கானிக்கைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஆளைக் கேட்டிருக்கிறான்.

கை தானாகக் கதவின் பிடிக்குப் போனது. குதித்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே பனி. பனிக்குள் தடுப்புச் சுவரின் வெள்ளை விட்டு விட்டு ஓடியது. சுவர். இடைவெளி. சுவர். இடைவெளியில் ஒன்றுமே இல்லை. மரத்தின் உச்சிகள் மட்டும், கால்களுக்குக் கீழே. மனைவி குல்சும் காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் பையில் பிரிக்காமல் இருப்பது ஏனோ நினைவுக்கு வந்தது.

பத்தாவது வளைவு. தேவதாஸ் மிதித்த பெடல் தரையைத் தொட்டது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. மூச்சைப் பிடித்தான். உறுமல் வந்தது, பாதியில் உடைந்தது, இருமலாக மாறியது. கருப்பாக எதையோ கண்ணாடி மேல் துப்பினான். லாரியின் பின்பக்கம் சுவரில் உரசிப் பொறி பறந்தது.

கீழே ஹாரன்.

ஒன்பதாவது வளைவில், பனிக்குள் மங்கலாக இரண்டு மஞ்சள் விளக்குகள். ஏறி வரும் பஸ். வளைவின் அகலம் முழுவதையும் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். தலைகள் தெரிந்தன. நின்றுகொண்டு வருபவர்கள்கூடத் தெரிந்தார்கள்.

தேவதாஸ் திரும்பினான். அவரைப் பார்த்தான். அவ்வளவுதான்.

அக்பர் அலி மூச்சை உள்ளே இழுத்தார். வாயை மூடினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ மாட்டியது. கியர் மாட்டுகிற மாதிரி, ஒரு கடக். பிறகு எடை. மூன்று கருங்கல் பாளங்களின் எடை, இரும்பின் எடை, மலையின் சாய்வு, எல்லாம் சேர்ந்து விலா எலும்புகளின் உள்பக்கம் வந்து சாய்ந்தது. நாக்கில் டீசல் கசந்தது. தொண்டைக்குள் சூடு ஏறியது. உறுமல் கேட்டது. இந்த முறை வலப்பக்கமிருந்து அல்ல.

லாரி அடங்கியது.

பஸ் ஒரு முழ இடைவெளியில் உரசாமல் கடந்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்த ஒருவரின் நெற்றி கண்ணாடியில் பதிந்திருந்தது. அவர் விழிக்கக்கூட இல்லை.

எட்டு. லாரி நல்ல பிள்ளையாகத் திரும்பியது. ஏழு. ஆறு. தேவதாஸ் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினான். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. சாதாரணமாக, வேகமாக, ஓடி வந்தவனின் மூச்சு. ஐந்து. நாலு. பனி கீழே வர வர மெலிந்தது. மூன்று. புளியமரங்கள். ரெண்டு. பண்ணாரிக் கோயில் பக்கம் ஒலிபெருக்கி. ஒன்று.

சமதரை. சோதனைச்சாவடிக்கு முன்னால் புளியமரத்தடியில் லாரி தானாகவே ஓய்ந்து நின்றது.

தேவதாஸ் சாவியைப் பிடுங்கினான். கதவைத் திறந்து கீழே குதித்து, இரண்டு எட்டு போய், திரும்பி வந்தான். "மன்னிச்சுப்போடுங்க பாய்" என்றான். "எனக்குப் பிள்ளைக இருக்குதுங்க." அதற்கு மேல் நிற்கவில்லை. சத்தியமங்கலம் பஸ் நிற்கும் பக்கமாக ஓடினான். ஓடும்போது அவன் வாய் திறந்திருந்தது. எத்தனை காற்று எடுக்க முடியுமோ அத்தனையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

எனக்கும் இருக்கிறார்கள் என்று சொல்ல அக்பர் அலி நினைத்தார். ஆசிப் இருக்கிறான், யுஸ்ரா இருக்கிறாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை. சொல்லுக்குக் காற்று வேண்டும்.

அவர் மூச்சை விடப் பார்த்தார்.

மறுபடி பார்த்தார்.

கதவைத் திறந்து இறங்கினார். கால்கள் நடந்தன. தலை சுற்றவில்லை. கண் இருட்டவில்லை. உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்தார். துணி சூடாக இருந்தது. அதற்கடியில் நெஞ்சு அசையவில்லை. ஒன்பதாவது வளைவிலிருந்து இதுவரை, கால் மணி நேரம் இருக்குமா, அவர் ஒரு மூச்சும் விட்டிருக்கவில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

"ஏனுங்க, வண்டி உங்களுதுங்களா? டிரைவர் எங்கீங்க?" சாவடிக் காவலர் கேட்டுக்கொண்டே வந்தார்.

அக்பர் அலி அவரைப் பார்க்கவில்லை. லாரியின் நடுவே, பின்சக்கரத்துக்கு முன்னால், புகைக்குழாயின் வாய் சாலையைப் பார்த்து வளைந்திருந்தது. அவர் அதன் முன் குந்தினார். இன்ஜின் எப்போதோ செத்துவிட்டது. சாவி தேவதாசின் கையில் போய்விட்டது. குழாயின் வாய்க்குக் கீழே, காற்றே இல்லாத அந்தச் சாயங்காலத்தில், உதிர்ந்த புளிய இலைகள் ஒரு கை அளவு கிடந்தன.

அவை குழாயை நோக்கி மெல்ல நகர்ந்தன. நின்றன.

பிறகு விலகின.

மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. அவசரமில்லாமல், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் ஒருவரின் மூச்சைப் போல.